தேவதை எண் ஏழு

ரீலுக்கு இவ்வளவு என்று பேசி
பதினோரு தேவதைகளை அனுப்பியிருந்தார்கள்.
பெயரெல்லாம் வேறு பாஷை.
வியாழனுக்குள் தமிழில் வைத்துத் தர வேண்டும்.

கொருக்குப்பேட்டை மாடி வீடு.
மேசை போட்டால் கதவு திறக்காது.
கொடியில் தொங்கும் சுடிதாருக்கு அடியில்
லேப்டாப்பை மடியில் வைத்து, சத்தத்தை அணைத்து,
உதடுகளை மட்டும் பார்த்தேன்.
மூடினால் ம, ப.
குவிந்தால் உ, ஓ.
பல் தெரிந்தால் இ.
பெயருக்குப் பொருளெல்லாம் அப்புறம்.

டைரக்டரின் சட்டம் வேறு வந்திருந்தது, வாட்ஸப் குரலில்:
நல்ல தேவதைக்கு மெல்லினம்,
கெட்டவளுக்கு வல்லினம், முடிந்தால் ரெண்டு ற்.
ராணிக்கு ஒரு ழ கட்டாயம், ரிச்சாக இருக்கும்.
கடைசியில் னி, கா, ஸ்ரீ.
பக்கத்து வீட்டுப் பெயர் மாதிரி மட்டும்
கேட்கக் கூடாது மேடம்.

பக்கத்து வீட்டில் டில்லிராணி இருக்கிறாள்.
ராணி என்றுதான் முடிகிறது.
கேட்டுப் பார்க்கலாமா என்று தோன்றி, விட்டுவிட்டேன்.

நிழலாழி என்று எழுதினேன் ராணிக்கு.
ஒன்றுக்கு ரெண்டு ழ, போனால் போகட்டும்.
தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்ற பிள்ளைகளை
மாடியிலிருந்து சொல்லச் சொன்னேன்.
"நியலாயி."
சொல்லிவிட்டு, கடைசி ரெண்டெழுத்துக்கு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.
எங்கள் தெருவில் மழையே மயையாகத்தான் பெய்யும்.
அடித்துவிட்டு வேறொரு ழ தேடினேன்.
காசு தருகிறவர் கேட்டது.

பத்து முடிந்தது.
மிச்சம் ஏழாவது.
அவளுக்கு வசனம் கிடையாது.
காளானுக்குப் பின்னால் உட்கார்ந்து
கிழிந்த இறக்கைகளைச் சிலந்தி நூலால் தைப்பாள்,
பல்லால் அறுப்பாள், ஊதுவாள்,
வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள்.
ஒரே ஒரு தடவை இன்னொருத்தி அவளைக் கூப்பிடுகிறாள்:
வாய் திறந்து, நாக்கு மேலே தொட்டு,
உதடு அழுத்தி மூடி, நீளமாகத் திறக்கிறது.

செவ்வாய் சாயங்காலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.
கூட்ஸ். மணலிக்கு எண்ணெய் டேங்கர்கள்,
எண்ண ஆரம்பித்து முப்பதில் விட்டேன்.
ஸ்கூட்டி பின் சக்கரம் தரையோடு தரை.
கேட் ஓரம் பங்க்ச்சர் போடுகிறவள்
ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
குமிழி எங்கே வருகிறதென்று பார்த்தாள்,
பிறகு தூக்கி, வெளிச்சத்தில் பிடித்தாள்.

உன் பேர் என்ன என்றேன்.
"சாலம்மா. தெலுங்குல சாலுன்னா போதும்.
நான் நாலாவது பொண்ணு.
இதோட போதும்னு வச்சாங்க.
அப்பால ரெண்டு பொறந்துச்சு."

கடைசி டேங்கர் போகிறவரை
சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன்.
சா. நாக்கு மேலே, ல.
ம் என்று மூடி, மா என்று திறந்து.
ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூட. சரியாக உட்கார்ந்தது.

"அம்மான்னு முடியற தேவதையா?
ரெக்கை இருக்கறவளுக்கு வயசே ஆகாது மேடம்."
ரெண்டு மகரம் இருக்கு சார், மெல்லினம்தானே
என்று அனுப்பினேன்.
கட்டை விரல் ஒன்று வந்தது.
சரி என்று நினைத்துக்கொண்டேன்.

பெரம்பூர் தியேட்டர், காலைக் காட்சி.
சாலம்மாவையும் அவள் மகள் ரூபாவதியையும்
என்ன விஷயம் என்று சொல்லாமலே கூட்டிப்போனேன்.
டிக்கெட் என் செலவு, பாப்கார்ன் அவள் செலவு,
அதற்கு ஒரு சண்டை.

காளான் வந்தது. நூல் வந்தது.
இன்னொருத்தி திரும்பிக் கூப்பிட்டாள்:
"ஷாலினி!"
குரல் முடிந்த பிறகும்
திரையில் உதடுகள் இறுக்கி மூடின,
ஒலியே இல்லாத ஒரு ம்-க்கு.
பிறகு நீளமாகத் திறந்தன.

இருட்டில் அவள் முகத்தைப் பார்த்தேன்.
வாயையா கவனித்தாள்,
கண் முழுக்க அந்த இறக்கைமேல்.
என் முழங்கையை இடித்துச் சொன்னாள்:
"அந்த நூலு நிக்காதுக்கா.
சுத்தி நல்லா சொரண்டிட்டு
சொலூஷன் வச்சு ஒட்டியிருக்கணும்."